சின்ன நாடிக்குப் பலூன் மட்டும் போதுமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 64. பதினேழு வருடமாகச் சலரோகம். மூன்று மாதமாகக் கிணற்றடியிலிருந்து வாளியோடு வந்தாலோ, கொஞ்சம் வேகமாக நடந்தாலோ நெஞ்சு இறுக்குகிறது. நின்றால் ஐந்து நிமிடத்தில் விட்டுவிடுகிறது. அஞ்சியோகிராம் செய்து பார்த்தார்கள். பெரிய நாடிகளில் பெரிதாக ஒன்றும் இல்லை, இடப்பக்க நாடியின் ஒரு கிளையில் மட்டும் 85 வீத அடைப்பு, அந்தக் கிளையின் விட்டம் 2.25 மில்லிமீற்றர் என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. குளிசைகளைக் கூட்டிப் பார்த்ததில் நோ குறைந்தது, ஆனால் போகவில்லை. இப்போது மருந்து பூசிய பலூனால் விரித்துவிடலாம், ஸ்டென்ட் அநேகமாகத் தேவைப்படாது என்கிறார் டொக்டர். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா இதைக் கேட்டுவிட்டுச் சத்தம் போடுகிறார்: "உதென்ன அரைகுறை வைத்தியம்? காசு நான் அனுப்புறன், கொழும்புக்கோ சென்னைக்கோ கொண்டுபோய் நல்ல ஸ்டென்ட்டா வையுங்கோ." பக்கத்து வீட்டு மாமாவுக்கு மூன்று ஸ்டென்ட் வைத்து அவர் சைக்கிளில் திரிகிறார். அம்மாவுக்குப் பித்தப்பைக் கல்லும் இருக்கிறது, அதற்கும் சத்திரசிகிச்சை செய்யச் சொல்லியிருக்கிறார்கள். இதற்கிடையில் நல்லூர்த் திருவிழாவுக்கு அடியழிக்க நேர்த்தி வைத்திருக்கிறா. நாங்கள் என்ன செய்வது?
ஒரு மகள், கோண்டாவில்

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

முதலில் அண்ணாவுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் நெஞ்சு நோவை விட வீட்டுச் சண்டை பெரிதாகிவிடும் போலத் தெரிகிறது. மருந்துப் பலூன் அரைகுறை வைத்தியம் இல்லை. காசில்லாதவர்களுக்கு என்று வைத்திருக்கும் மலிவுச் சாமானும் இல்லை. பல இடங்களில் அதன் விலை ஸ்டென்ட்டுக்குக் குறையாது. அம்மாவின் படத்தை நான் பார்க்கவில்லை, நீங்கள் எழுதியதை வைத்துத்தான் பேசுகிறேன். ஆனாலும் 2.25 மில்லிமீற்றர் என்று கேள்விப்பட்டால் எனக்கும் முதலில் பலூன் நினைவுதான் வரும்.

2.25 மில்லிமீற்றர் எவ்வளவு என்று பார்க்க வேண்டுமானால் இன்றிரவு இடியப்பம் பிழியும்போது ஓர் இழையை எடுத்துப் பாருங்கள். ஏறக்குறைய அந்தப் பருமன்தான். அதில் 85 வீதம் அடைத்திருந்தால் மிச்சம் 0.34 மில்லிமீற்றர். அடைப்புக்கூடாக நாங்கள் விடும் கம்பியே 0.36 மில்லிமீற்றர்! இந்த வீதங்கள் பெரும்பாலும் கண்மட்டக் கணக்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரே படத்தை நான் 85 என்பேன், பக்கத்தில் நிற்பவர் 75 என்பார். எனவே அந்த இலக்கத்தைப் பார்த்து நித்திரை கெடவேண்டாம்.

விட்டத்தை மட்டும் கொஞ்சம் கவனமாகப் பார்க்கவேண்டும். நாடி உண்மையிலேயே சின்னதா, அல்லது அன்றைக்குச் சுருங்கிப்போய்ச் சின்னதாகத் தெரிந்ததா? குழாய் உள்ளே போன பயத்திலும் உறுத்தலிலும் நாடி சுருங்கும். அதனால்தான் அளப்பதற்கு முன் நைத்திரோகிளிசரின் கொடுத்து அதை விரியவிட்டுப் பார்ப்பது. அடைப்புக்கு அப்பால் இரத்தம் குறைவாகப் போவதாலும் அந்தப் பகுதி மெலிந்து தெரியும். நீண்ட காலச் சலரோகத்தில் இன்னொரு சங்கதி உண்டு: கொழுப்பு ஓரிடத்தில் கட்டியாக நிற்காமல் நாடியின் நீளத்துக்கும் பூசினாற்போலப் படிந்துவிடும். மூன்று மில்லிமீற்றர் நாடி, படத்தில் இரண்டேகால் போல நிற்கும். சந்தேகம் வந்தால் நாடிக்குள்ளேயே ஒரு சின்ன ஸ்கான் குழாயை விட்டு அளக்கலாம். "அம்மாவின் நாடி சின்னதா, சின்னதாகத் தெரிந்ததா?" என்று உங்கள் டொக்டரிடம் கேளுங்கள். கேட்டால் கோபிக்க மாட்டார். எனக்கென்றால் சந்தோசமாக இருக்கும்.

சரி, சின்ன நாடிக்கு ஸ்டென்ட் ஏன் சிக்கல்? உங்கள் பக்கம் தோட்டக்காரருக்கு இதை நான் சொல்லித்தரத் தேவையில்லை. கிணற்றடியிலிருந்து வரும் பெரிய வாய்க்காலுக்கு இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் சீமெந்து பூசினால் தண்ணீர் ஓட்டத்துக்கு ஒரு குறையும் வராது. பாத்திக்குப் பிரியும் சாண் அகல வாய்க்காலுக்கும் அதே ஓரங்குலத்தைப் பூசிப் பாருங்கள். தண்ணீர் மாறுகிறவர் மண்வெட்டியோடு வந்து உங்களைத்தான் தேடுவார்.

ஸ்டென்ட் என்பது உலோக வலை. அது நாடிச் சுவரில் அமர்ந்ததும் உடம்பு அதை ஒரு காயமாக எண்ணி மேலே தோல் வளர்த்து மூடும். மூடத்தான் வேண்டும், இல்லாவிட்டால் கம்பியில் இரத்தம் கட்டிவிடும். ஆனால் எந்த அளவோடு நிற்பது என்பது எல்லா உடம்புக்கும் தெரிவதில்லை, சலரோக உடம்புக்கு இன்னும் தெரிவதில்லை. அந்த வளர்ச்சி விட்டத்தில் அரை மில்லிமீற்றரைத் தின்றுவிட்டதாக வைத்துக்கொள்வோம். மூன்றரை மில்லிமீற்றர் நாடி மூன்றாகும். இரத்தம் ஓடும் பரப்பில் கால்வாசிதான் போகும், மாமா சைக்கிள் மிதிக்கலாம். அதே அரை மில்லிமீற்றர் அம்மாவின் 2.25 நாடியில் ஐந்தில் இரண்டு பங்கைக் கொண்டுபோய்விடும். இப்போது வரும் மருந்து பூசிய ஸ்டென்ட்டுகளில் வளர்ச்சி இதைவிடக் குறைவு, வலையும் மெல்லியது. ஆனாலும் கணக்கின் சாய்வு மாறாது. பக்கத்து வீட்டு மாமாவின் ஸ்டென்ட்டுகள் பெரிய நாடிகளில் இருக்கும் என்றே நினைக்கிறேன். அவருடைய செருப்பு அம்மாவுக்குப் பொருந்தாது.

அப்படியென்றால் ஸ்டென்ட் ஏன் வந்தது என்று அண்ணா கேட்பார், நியாயம்தான். முடியுரு நாடியை, அதாவது இருதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடியை, பலூனால் முதன்முதலில் விரித்தவர் அந்திரியாஸ் குரூண்ட்சிக், 1977 செப்ரெம்பரில், சூரிச் நகரில். ஆரம்பப் பலூன்களை வீட்டுக் குசினி மேசையில் வைத்துத்தான் செய்தார். வெறும் பலூனில் இரண்டு தொல்லைகள். விரித்த சுவர் றப்பர் போலத் திரும்பச் சுருங்கும், அல்லது கிழிந்து மடிந்து அங்கேயே வழியை மூடிவிடும். அது தப்பினாலும் ஆறு மாதத்துக்குள் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத் திரும்பவும் அடைக்கும். சுவரை முட்டுக்கொடுத்து நிறுத்த 1986இல் ஸ்டென்ட் வந்தது. முட்டு நின்றது, ஆனால் மேலே சொன்ன வளர்ச்சி தொடங்கியது. அதை அடக்க ஸ்டென்ட்டில் மருந்து பூசினார்கள். பிறகு யாரோ ஒருவருக்குப் புத்தி வந்தது: வேலை செய்வது மருந்துதான் என்றால், முட்டுத் தேவைப்படாத இடத்தில் மருந்தை மட்டும் கொடுத்துவிட்டு வெளியே வந்தால் என்ன? அதுதான் உங்கள் டொக்டர் சொல்லும் பலூன்.

என் பிழை ஒன்றையும் சொல்லவேண்டும். ஊர், வைத்தியசாலைப் பெயர் வேண்டாம். நான் இந்தத் தொழிலுக்குப் புதிது. இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர், சலரோகம், இரண்டு மில்லிமீற்றர் கிளை. பலூனால் விரித்ததுமே ஓட்டம் நன்றாக வந்துவிட்டது. ஓரத்தில் ஒரு சின்னக் கீறல் தெரிந்தது, ஓட்டத்தை அது மறிக்கவில்லை. ஆனால் படம் அழகாக இல்லை. அழகாக்க நினைத்து ஒரு ஸ்டென்ட் வைத்தேன். திரையில் நாடி கோடு கீறினாற்போல வந்தது, பக்கத்தில் நின்றவர்களும் பாராட்டினார்கள். எட்டு மாதத்தில் அதே நெஞ்சு நோவோடு அதே ஆசிரியர் கதிரையில் வந்து இருந்தார். ஸ்டென்ட்டுக்குள் முழுக்க வளர்ந்திருந்தது. உள்ளே இரும்பு இருப்பதால் இரண்டாம் முறை செய்வது முதல் முறையை விடச் சிரமம். "சேர், போனமுறை வடிவா வந்திருக்கு எண்டுதானே சொன்னியள்?" என்று கேட்டார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

உள்ளே என்ன நடக்கும் என்று அம்மாவுக்குச் சொல்லிவையுங்கள், பாதிப் பயம் போய்விடும். மயக்கமருந்து இல்லை. அநேகமாக வலது மணிக்கட்டை விறைக்கப்பண்ணி அதற்கூடாகத்தான் குழாய் போகும். முதலில் ஒரு சாதாரணப் பலூனால் அடைப்பை விரித்துப் பார்ப்பார்கள். சுண்ணாம்பு படிந்து கடினமாக இருந்தால் மேலே சிறு கீற்றுக் கம்பிகள் உள்ள பலூன் தேவைப்படும். இந்த ஆயத்தம்தான் முக்கால்வாசி வேலை. உழாத நிலத்தில் விதைக்க முடியாது. சரியாக விரியாத சுவரில் மருந்தும் இறங்காது.

பிறகு படத்தைப் பார்ப்பார்கள். மிச்ச அடைப்பு 30 வீதத்துக்குள் வந்திருக்கவேண்டும், ஓட்டத்தை மறிக்கும் கிழிசல் இருக்கக்கூடாது. இரண்டும் சரி என்றால்தான் மருந்துப் பலூனை உறையிலிருந்து எடுப்பது. அதைக் கையால் தொடமாட்டோம், நனைக்கமாட்டோம். மேலே வெண்மையாகத் தூள் படிந்தாற்போல இருக்கும், இரத்தத்தில் பட்டதும் கரையத் தொடங்கும். எனவே எடுத்தால் தாமதிக்காமல் இடத்துக்குக் கொண்டுபோய் விரிக்கவேண்டும். அந்த நேரம் அறையில் யாரும் கதைப்பதில்லை, ஒருவர் மட்டும் வினாடிகளை எண்ணுவார். முப்பது முதல் அறுபது வினாடி வரை பலூன் விரிந்து நிற்கும். கிணற்றடியில் வரும் அதே இறுக்கம் அம்மாவுக்கு அப்போதும் வரும், ஏனென்றால் அவ்வளவு நேரமும் அந்தக் கிளைக்கு இரத்தம் போகாது. "வருகுது" என்று வாய் திறந்து சொல்லட்டும், பொறுத்துக்கொண்டு கிடக்கத் தேவையில்லை. பலூனைச் சுருக்கியதும் விட்டுவிடும். பிறகு சில நிமிடம் பொறுத்து, நாடி திரும்பச் சுருங்குகிறதா என்று இன்னொரு படம் எடுத்தால் வேலை முடிந்தது.

பூசியிருக்கும் மருந்து பெரும்பாலும் பக்லிடாக்செல். இணையத்தில் தேடினால் புற்றுநோய் மருந்து என்று வரும், அண்ணா அதற்கும் ஒருமுறை சத்தம் போடுவார். உண்மைதான், கலங்கள் பெருகுவதை மறிக்கும் மருந்து அது, அதற்காகத்தான் இங்கேயும். பலூன் மேற்பரப்பில் சதுர மில்லிமீற்றருக்குச் சுமார் 3 மைக்கிரோகிராம். தலைமயிர் கொட்டாது.

இதற்கு ஆதாரம் உண்டா? உண்டு. சுவிற்சர்லாந்து, ஜேர்மனி, ஒஸ்ரியா ஆகிய நாடுகளில் 3 மில்லிமீற்றருக்குச் சிறிய நாடி கொண்ட 758 பேரில் நடந்த பாஸ்கெட்-ஸ்மால் 2 என்ற ஆய்வு 2018இல் வெளிவந்தது. இருதய மரணம், மாரடைப்பு, அதே நாடிக்குத் திரும்ப வைத்தியம் ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரு வருட முடிவில் பலூன் பக்கம் 7.5 வீதம், ஸ்டென்ட் பக்கம் 7.3 வீதம். மூன்று வருடம் கழித்துப் பார்த்தபோதும் இரண்டு பக்கமும் ஒன்றாகவே, 15 வீதத்தில் நின்றன. ஆனால் முதல் விரிப்பு ஒழுங்காக வந்தவர்களை மட்டும்தான் அந்த ஆய்வில் சேர்த்தார்கள். அண்ணா கெட்டிக்காரர் என்றால் 2024இல் சீனாவில் 2,272 பேரில் நடந்த ஆய்வையும் எடுத்துக் காட்டுவார். அதில் இரண்டு வருடத்தில் பலூன் பக்கம் 6.4 வீதம், ஸ்டென்ட் பக்கம் 3.4 வீதம்; ஸ்டென்ட்தான் வென்றது. ஆனால் அங்கே சின்ன நாடி, பெரிய நாடி எல்லாம் கலந்திருந்தன. என்னைக் கேட்டால், பெரிய நாடிக்கு ஸ்டென்ட், இரண்டேகாலுக்கு முடிந்தவரை பலூன் என்பேன்.

"முடிந்தவரை" என்றதைக் கவனியுங்கள். விரித்துப் பார்க்கும்போது பெரிய கிழிசல் விழுந்தாலோ, நாடி உடனே சுருங்கிக்கொண்டாலோ, அந்த இடத்திலேயே ஸ்டென்ட் வைத்தாகவேண்டும். இரண்டு மில்லிமீற்றர் அளவிலும் ஸ்டென்ட் இருக்கிறது. அம்மா உள்ளே போகும்போது பலூன் என்று சொல்லி, வெளியே வரும்போது ஸ்டென்ட் இருந்தால் அது ஏமாற்று இல்லை. கையொப்பம் வைக்கும் முன்னமே இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அண்ணாவுக்கும் சொல்லிவிடுங்கள்.

அடைப்பைத் திறந்தால் அம்மாவின் ஆயுள் கூடுமா? இதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விடுவது சரியில்லை. மாரடைப்பு வராமல், நடந்தால் மட்டும் நோகிறவர்களில் திறப்பதால் ஆயுள் கூடுவதாகக் காட்டமுடியவில்லை. 5,179 பேரில் நடந்து 2020இல் வெளிவந்த ஆய்வு அதைத் தெளிவாகச் சொன்னது. நோ பலருக்குக் குறையும். அம்மாவின் கிளை சின்னது, அது ஊட்டும் தசையும் கொஞ்சம். எனவே குளிசையோடு இருந்துவிடுவதும் ஒரு தெரிவுதான். குளிசை கூட்டியும் வாளி தூக்க முடியவில்லை என்றால் பலூனுக்குப் போகலாம், "குறைஞ்சிட்டுது, எனக்கு இது காணும்" என்று அம்மா சொன்னால் பொறுக்கலாம். ரொறன்ரோவில் இருந்து தீர்மானிக்கிற விசயம் இல்லை இது. அம்மாவைத் தனியே இருத்திக் கேளுங்கள். பிள்ளைகளுக்கு முன்னால் எங்கள் அம்மாமார் நோவைக் கூட்டியும் சொல்வார்கள், குறைத்தும் சொல்வார்கள்.

பித்தப்பைக் கல்தான் உங்கள் கடிதத்தில் என் கண்ணுக்கு முதலில் பட்டது. ஸ்டென்ட் வைத்தால், இரத்தம் கட்டாமல் மறிக்கும் அஸ்பிரினும் குளோபிடோகிரலும் சேர்த்து வழமையாக ஆறு மாதம். அதற்கிடையில் நிறுத்தினால் ஸ்டென்ட்டில் இரத்தம் கட்டலாம். நிறுத்தாமல் வெட்டினால் இரத்தம் கூடப் போகும். அவசரமில்லாத சத்திரசிகிச்சையைத் தள்ளித்தான் போடுவார்கள். பலூன் மட்டும் என்றால் இரண்டு குளிசையும் வழமையாக ஒரு மாதம், பிறகு அஸ்பிரின் மட்டும். அம்மாவுக்கு இது பெரிய வசதி. ஆனால் சத்திரசிகிச்சை டொக்டரும் இருதய டொக்டரும் ஒருவரோடொருவர் கதைக்கவேண்டும். நீங்கள் நடுவில் நின்று இரண்டு கிளினிக் கொப்பிகளையும் இரண்டு பேருக்கும் காட்டுங்கள். எந்தக் குளிசையையும் பல்லுப் பிடுங்கவென்றுகூட நீங்களாக நிறுத்தவேண்டாம்.

கொழும்பு, சென்னை பற்றி: இங்கே செய்ய முடியாது என்று உங்கள் டொக்டர் சொன்னால் போங்கள். "நல்ல ஸ்டென்ட்" தேடிப் போகவேண்டாம். இரண்டாவது கருத்து வேண்டுமானால் அம்மாவைப் பயணப்படுத்தாமல் அஞ்சியோகிராம் சீடியை அனுப்பினால் போதும், படம்தான் பேசும். போகும் இடம் எதுவானாலும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேற்றினின் ரிப்போர்ட்டைக் கொண்டுபோங்கள். சாயமருந்து சிறுநீரகத்துக்கூடாகத்தான் வெளியேறவேண்டும். சிறுநீரகம் பலவீனம் என்றால் மெற்போமின் என்ற சீனிக் குளிசையைச் சில நாள் நிறுத்தச் சொல்வார்கள்.

கொலஸ்ட்ரோல் குளிசை வாழ்நாள் முழுக்க. கெட்ட கொலஸ்ட்ரோல் 70க்குக் கீழே, முடிந்தால் 55க்குக் கீழே நிற்கட்டும். சாப்பாடு உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் ஒன்று: பனங்கட்டியும் சீனிதான். தேத்தண்ணிக்குக் கடித்துக்கொண்டு குடித்தாலும் சீனிதான்.

உட்கார்ந்திருக்கும்போது நோ வந்தாலோ, நாக்குக்கடியில் குளிசை வைத்தும் ஐந்து நிமிடத்தில் விடாவிட்டாலோ, அம்புலன்ஸ் இலக்கமான 1990க்கு அடியுங்கள். ஓட்டோ பிடித்து, கொக்குவிலில் தெரிந்த டொக்டரைப் பார்த்து, பிறகு பெரியாஸ்பத்திரி என்று சுற்றவேண்டாம். சலரோகக்காரருக்கு நோவே வராமல் வியர்வையும் இளைப்புமாக மட்டும் வரலாம், அதற்கும் அதே இலக்கம்தான்.

கடைசியாக அடியழிப்பு. மணிக்கட்டால் செய்தபின் ஒரு கிழமைக்கு அந்தக் கையை ஊன்றக்கூடாது. அடியழிப்பு என்றால் அடிக்கொருதரம் கையூன்றி விழுந்து எழும்பவேண்டும், அதுவும் சுடுமணலில், விரதம் வேறு. சீனிக் குளிசை போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு போனால் நெஞ்சுக்கு முன்னம் தலை சுற்றும். இந்த வருடம் வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். இருபத்தைந்து நாளில் ஒரு நாள், காலையில் ஏதும் சாப்பிட்டுவிட்டு, குளிசையும் போட்டுக்கொண்டு, வெயில் ஏற முன்னம் போய்க் கும்பிட்டுவிட்டு வரட்டும். நேர்த்தியை அடுத்த வருடம் பார்ப்போம். அப்போது என்னிடம் ஒருமுறை காட்டிவிட்டு அடியழிக்கட்டும்.